கடவுள் ராஜாக்களிடம் ஏன் ஆள் அனுப்பிப் பேசினார்? தீர்க்கதரிசியின் வார்த்தை அரமனைக்குப் போன வழி

கேள்வி இது: கிபியோனில் சாலொமோனுக்குச் சொப்பனத்திலேயே தரிசனமான கடவுள், பிற்பாடு வந்த ராஜாக்களிடம் ஏன் ஒரு தீர்க்கதரிசியை அனுப்பிப் பேசினார்? வந்து நிற்பவர் மெய்யாகவே கர்த்தருடைய ஆள்தான் என்பதை ராஜா எதை வைத்து முடிவு செய்தார்?

முதல் பாதிக்கு வேதமே ஓரளவு விடை தருகிறது. சிக்கல் எல்லாம் இரண்டாம் பாதியில். ராஜாக்கள் பலர் கவிழ்ந்ததும் அங்கேதான்.

1 சாமுவேல் 28:6இல் அந்தக் காலத்து வழிகள் மூன்றும் ஒரே வசனத்தில் வருகின்றன. பெலிஸ்தரின் படையைக் கண்டு நடுங்கிய சவுல் விசாரித்தபோது, சொப்பனத்தாலும் பதில் இல்லை, ஊரீமாலும் இல்லை, தீர்க்கதரிசிகளாலும் இல்லை. ஊரீமும் தும்மீமும் கர்த்தரின் தீர்மானத்தை அறியப் பிரதான ஆசாரியனின் மார்ப்பதக்கத்தில் வைக்கப்பட்டவை (யாத்திராகமம் 28:30). கேகிலாவில் ஒளிந்திருந்த தாவீது, அந்த மார்ப்பதக்கம் இணையும் ஆசாரிய உடையான ஏபோத்தை வரவழைத்துக் கேட்ட விதத்தைப் பாருங்கள் (1 சாமுவேல் 23). சவுல் இங்கே வருவாரா? வருவார். ஊரார் என்னைப் பிடித்துக் கொடுப்பார்களா? கொடுப்பார்கள். கேள்வி குறுகியது, விடையும் அப்படியே. தாவீதுக்குப் பிறகு எந்த ராஜாவும் இந்த முறையில் விசாரித்ததாக ராஜாக்களின் நூல்களில் காணோம். சாலொமோனின் சொப்பனங்களுக்குப் பிறகு (ராஜ்யம் இரண்டான பின்) யூதாவின் எருசலேமிலோ இஸ்ரவேலின் சமாரியாவிலோ ஆண்ட ராஜா சொப்பனத்தில் கட்டளை பெற்றதாகவும் அங்கே இல்லை. மிஞ்சியது தீர்க்கதரிசி மட்டும்.

காரணம் என்று எனக்குப் படுவது: ஏபோத்து கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும், தீர்க்கதரிசி கேட்காததையும் சொல்வார். இஸ்ரவேலில் ராஜாவை விசாரிக்கத் தனி நீதிமன்றம் கிடையாது, மேல்முறையீடுகளைக் கேட்பவரே அவர்தான். உபாகமம் 17ஆம் அதிகாரம் ராஜாவுக்கு வரம்பு போடுகிறது: குதிரை, மனைவி, வெள்ளி, பொன் எதையும் பெருக்கக் கூடாது, நியாயப்பிரமாணத்தின் பிரதியைத் தனக்கென எழுதி வைத்துத் தினமும் வாசிக்க வேண்டும். மீறினால் கேட்பது யார்? அடுத்த அதிகாரத்திலேயே தீர்க்கதரிசியைப் பற்றிய சட்டம் வருகிறது. வரலாற்றிலும் முதல் ராஜா சவுலை அபிஷேகம் பண்ணியவரும் ஒரு தீர்க்கதரிசி, அவர் தள்ளப்பட்டார் என்று அறிவித்தவரும் அதே சாமுவேல்தான்.

இதை மனதில் வைத்தால் 2 சாமுவேல் 12 தெளிவாகும். பிறன் மனைவி பத்சேபாளை எடுத்துக்கொண்டு அவள் கணவனைத் தாவீது சாகவைத்த விஷயத்தில், தீர்க்கதரிசி நாத்தான் குற்றச்சாட்டோடு உள்ளே நுழையவில்லை, ஒரு வழக்கோடு வந்தார். ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பறித்துச் சமைத்துவிட்டான். தாவீது நீதிபதியாகத் தீர்ப்புச் சொல்கிறார்: அவன் சாவுக்குரியவன், ஆட்டுக்குட்டிக்காக நாலத்தனை கொடுக்க வேண்டும். திருடிய ஆட்டுக்கு நாலு ஆடு என்பது யாத்திராகமம் 22:1இல் உள்ள சட்டமேதான். தீர்ப்பு வாயிலிருந்து வந்த பிறகே “நீயே அந்த மனுஷன்.” ராஜாவுக்கு மேல் நீதிபதி இல்லாத நாட்டில் ராஜாவையே நீதிபதியாக்கிய உத்தி இது. இஸ்ரவேலின் ராஜா ஆகாபிடமும் இதே நடந்தது. கண்மேல் துணி கட்டி வேஷம் மாறி வழியில் நின்ற ஒரு தீர்க்கதரிசி, காவலில் இருந்த கைதியைத் தப்பவிட்டேன் என்று சொல்லி ராஜாவின் வாயாலேயே தீர்ப்பை வாங்கினார் (1 இராஜாக்கள் 20:35-43).

இனி, செய்தியின் வடிவம். “கர்த்தர் சொல்லுகிறது என்னவென்றால்” என்ற தொடக்கத்தைப் பக்திச் சொல்லாக மட்டும் எடுத்துக்கொண்டால் பாதி விஷயம் நழுவிவிடும். அது தூதன் பேசும் முறை. எருசலேம் மதிலுக்கு வெளியே நின்ற அசீரியத் தூதன் ரப்சாக்கேயும் தன் ராஜாவின் செய்தியை இதே மாதிரிதான் தொடங்குகிறான் (2 இராஜாக்கள் 18:19). அனுப்பியவரின் வார்த்தையைத் தன்மை ஒருமையில், “நான்” என்றே தூதன் சொல்வான். அந்த ‘நான்’ அனுப்பியவர்.

ஆகவே தூதனின் சொந்தக் கருத்து வேறு, செய்தி வேறு. இதை வேதம் ஒளிக்காமல் காட்டும் இடங்கள் உண்டு. ஆலயம் கட்ட வேண்டும் என்று தாவீது சொன்னதும், நாத்தான் உடனே “உம் மனதில் உள்ளபடியெல்லாம் செய்யும்” என்ற பொருளில் சம்மதம் சொல்லிவிட்டார். அன்று ராத்திரியே அதற்கு எதிரான வார்த்தை வந்தது, மறுபடி போய்ச் சொல்ல வேண்டியதாயிற்று (2 சாமுவேல் 7). யூதாவின் ராஜா எசேக்கியா வியாதிப்பட்டபோது தீர்க்கதரிசி ஏசாயா, வீட்டுக் காரியத்தை ஒழுங்குபடுத்தும், நீர் பிழைக்கமாட்டீர் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். பாதி முற்றம்கூடத் தாண்டவில்லை, திரும்பிப் போகச் சொன்ன வார்த்தை வந்தது: இன்னும் 15 வருஷம் (2 இராஜாக்கள் 20). மருந்து அத்திப்பழ அடை. சற்று முன் சொன்னதற்கு நேர்மாறாகப் போய்ச் சொல்வது எந்த ஆலோசகருக்கும் சங்கடம்தான். தூதனுக்கு வேறு வழியில்லை.

எதிர்ப்பக்க உதாரணம் 1 இராஜாக்கள் 1. தாவீதின் மகன் அதோனியா ராஜாவாகப் பார்க்கிறார் என்றதும் நாத்தான் பத்சேபாளிடம் போய், நீ முதலில் உள்ளே போ, நீ பேசிக்கொண்டிருக்கும்போதே நானும் வந்து உறுதிப்படுத்துகிறேன் என்று திட்டம் போடுகிறார். அந்த அதிகாரம் முழுவதும் தேடினாலும் நாத்தான் வாயில் “கர்த்தர் சொல்லுகிறது” இல்லை. அங்கே அவர் பேசுவது அரமனை ஆளாக. தீர்க்கதரிசி வாயைத் திறந்தாலே கடவுள் பேசுகிறார் என்று வாசிப்பவர்கள் இங்கே தவறுவார்கள்.

பேச்சைத் தொடங்குவது இரண்டு விதம். கூப்பிடாமலே தீர்க்கதரிசி வருவார், அல்லது ராஜா ஆள் அனுப்பி விசாரிப்பார். விசாரிக்கப் போனால் வெறுங்கையோடு போகும் வழக்கம் இல்லை. கழுதைகளைத் தேடிப்போன சவுலின் வேலைக்காரனிடம் இருந்தது கால் சேக்கல் வெள்ளி (1 சாமுவேல் 9:8). பிள்ளை வியாதிப்பட்டபோது இஸ்ரவேலின் ராஜா யெரொபெயாம் தன் மனைவியை வேஷம் மாற்றி, பத்து அப்பமும் பணியாரமும் ஒரு கலசம் தேனும் கொடுத்து சீலோவிலிருந்த தீர்க்கதரிசி அகியாவிடம் அனுப்பினார் (1 இராஜாக்கள் 14). அகியாவுக்குக் கண் தெரியாது. காலடிச் சத்தம் கேட்டதும், யெரொபெயாமின் மனைவியே உள்ளே வா, ஏன் உன்னை அந்நிய ஸ்திரீயாகக் காட்டுகிறாய் என்றார். கண் தெரியாதவரிடம் வேஷம் போட்டுப் போனது அந்தக் கதையில் இருக்கும் கசப்பான நகைச்சுவை.

இந்தக் காணிக்கை வழக்கம்தான் முதல் கோளாறுக்கு வாசல். ஒருவேளைக் காணிக்கை மாதச் சம்பளமாக மாறினால் என்ன ஆகும் என்பதற்கு 1 இராஜாக்கள் 22. கீலேயாத்திலுள்ள ராமோத்தை மீட்கப் போகலாமா என்று ஆகாப் சுமார் 400 பேரிடம் கேட்டார். போம், ஜெயம் என்று ஒரே குரல். சமாரியாவின் ஒலிமுகவாசலுக்கு முன்னான வெளியில் இரண்டு ராஜாக்கள் ராஜவஸ்திரத்தோடு சிங்காசனத்தில் அமர்ந்திருக்க, கெனானாவின் மகன் சிதேக்கியா இரும்புக் கொம்புகளைச் செய்து காட்டிச் சீரியரை முட்டுவீர் என்கிறார். அந்த 400 பேரும் பாகாலின் பெயரைச் சொல்லவில்லை, கர்த்தரின் பெயரில்தான் பேசினார்கள். யூதாவின் ராஜா யோசபாத்துக்கு எங்கேயோ இடித்தது. வேறே ஒருவரும் இல்லையா என்றார். இருக்கிறார், ஆனால் என்னைப் பற்றி நல்லதாக ஒன்றும் சொல்லாததால் அவரைப் பகைக்கிறேன் என்றார் ஆகாப். அந்த ஒருவர் இம்லாவின் மகன் மிகாயா.

கூட்டிவரப் போன ஆள் வழியிலேயே மிகாயாவுக்குப் பாடம் சொல்லித் தருவதைக் கவனியுங்கள்: எல்லாரும் ஒரே வாயாக நல்லதையே சொல்லியிருக்கிறார்கள், நீரும் அப்படியே சொல்லும். மிகாயா வந்து முதலில் 400 பேர் சொன்னதை அப்படியே ஒப்பித்தார். அது பரிகாசம் என்று ஆகாபுக்கே புரிந்துவிட்டது, உண்மையைச் சொல் என்று ஆணையிட்டார். அதன்பின் வந்தது மேய்ப்பன் இல்லாத ஆடுகளின் தரிசனம். மிகாயாவுக்குக் கிடைத்தது கன்னத்தில் அறையும், சிறையும், இடுக்கத்தின் அப்பமும் தண்ணீரும். ஆகாபோ நம்பாதவர்போலப் பேசிவிட்டு, நம்பியவர்போல வேஷம் மாறிப் போருக்குப் போனார். எவனோ குறிவைக்காமல் எய்த அம்பு கவசத்தின் சந்தில் பாய்ந்தது. உண்மை எது என்று ஆகாபுக்குத் தெரிந்தே இருந்தது என்பதற்கு அந்த வேஷமே சாட்சி.

இரண்டாவது கோளாறு சோதனை முறையிலேயே இருக்கிறது. உபாகமம் 18:22 சொல்லும் அளவுகோல், சொன்னது நடக்காவிட்டால் அது கர்த்தர் சொன்னதல்ல என்பது. அளவுகோலில் குறையில்லை, ஆனால் நேரம் பிடிக்கும். படை இன்று காலை கிளம்ப வேண்டுமா என்று தவிக்கும் ராஜாவுக்கு மூன்று வருஷம் கழித்துத் தெரியும் உண்மையால் பயன் என்ன? மிகாயாவும், நீர் சமாதானத்தோடே திரும்பி வந்தால் கர்த்தர் என்னைக்கொண்டு பேசவில்லை என்றுதான் சொல்ல முடிந்தது.

இதே சிக்கலை எரேமியா 28 இன்னும் நுட்பமாகக் காட்டுகிறது. கி.மு. 597இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் யூதாவின் யெகோனியா ராஜாவையும் ஆலயப் பாத்திரங்களையும் கொண்டுபோய்விட்டார். சில வருஷம் கழித்து, சிதேக்கியா ராஜாவின் நாலாம் வருஷம் ஐந்தாம் மாதத்தில், அனனியா என்ற தீர்க்கதரிசி எழுந்து, இரண்டு வருஷத்தில் எல்லாம் திரும்பி வரும் என்றார். பாபிலோனுக்கு அடங்கியிருங்கள் என்பதற்கு அடையாளமாகத் தீர்க்கதரிசி எரேமியா கழுத்தில் மாட்டியிருந்த மர நுகத்தைப் பிடுங்கி உடைத்தும் போட்டார். எரேமியாவின் முதல் பதில் “ஆமென்”. அப்படியே நடக்கட்டும் என்று சொல்லி, யுத்தமும் பஞ்சமும் வரும் என்று முன்னோர் சொன்னதையும் நினைவூட்டி, சமாதானம் வரும் என்பவனை அது நடக்கும்போதுதான் அறியமுடியும் என்று முடித்துவிட்டுப் போய்விட்டார். கையில் மறுப்புச் செய்தி இல்லாதவரை அவர் எதையும் புனைந்து பேசவில்லை. செய்தி பிறகு வந்தது: மர நுகத்துக்குப் பதில் இரும்பு நுகம், இந்த வருஷத்திலேயே நீ சாவாய். ஏழாம் மாதத்தில் அனனியா இறந்தார். இரண்டு வருஷம் என்றவருக்கு இரண்டு மாதம் கிடைத்தது.

அக்கம்பக்கத்து நாடுகளில் இந்தச் சிக்கலை வேறு விதமாகச் சமாளித்தார்கள். சிரியாவில் ஐப்பிராத்து நதிக்கரையில் இருந்த மாரி நகரத்தில் கி.மு. 18ஆம் நூற்றாண்டுக் களிமண் பலகைகள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. சிம்ரிலிம் என்ற ராஜாவுக்கு அதிகாரிகள் அனுப்பிய கடிதங்கள் சிலவற்றில், இன்ன கோயிலில் இன்னார் தெய்வத்தின் பெயரால் இன்ன செய்தி சொன்னார் என்ற தகவலோடு, சொன்னவரின் தலைமயிரும் ஆடையின் விளிம்பும் சேர்த்து அனுப்பப்பட்டிருக்கின்றன. அரமனைக் குறிகாரர்கள் அவற்றை வைத்து, ஆட்டின் ஈரலைப் பார்த்து, செய்தி மெய்யா பொய்யா என்று ராஜாவுக்குச் சொல்வார்கள். கடைசித் தீர்மானம் அரமனைக்குள்ளேயே நடந்துவிடும். எபிரெய நூல்களில் அப்படியொரு சல்லடை ராஜாவின் கையில் இல்லை. உடனடிச் சான்று தேவையென்றால் தீர்க்கதரிசியே அடையாளம் தர முன்வருவார், அவ்வளவுதான்.

அப்படித் தர முன்வந்ததையும் ஒரு ராஜா மறுத்தார். கி.மு. 734 வாக்கில் சீரியாவின் ரேத்சீனும் இஸ்ரவேலின் பெக்காவும் சேர்ந்து எருசலேமை நெருக்கியபோது, ஏசாயா தன் மகன் சேயார் யாசூபைக் கூட்டிக்கொண்டு வண்ணார் துறை வழியில், மேற்குளத்துக் கால்வாயின் கடைசியில் யூதாவின் ராஜா ஆகாசைச் சந்தித்தார். முற்றுகைக்கு முன் தண்ணீர் வரும் வழியை ராஜா பார்வையிட வந்திருக்கலாம். பயப்படாதே, கீழே ஆழத்திலோ மேலே உயரத்திலோ எந்த அடையாளம் வேண்டுமானாலும் கேள் என்ற அழைப்புக்கு, கர்த்தரைப் பரீட்சை செய்யமாட்டேன் என்று ஆகாஸ் பக்தியோடு பதில் சொன்னார். ஆலயத்து வெள்ளியையும் பொன்னையும் அசீரியாவின் திகிலாத்பிலேசருக்கு அனுப்பி உதவி கேட்டவர் அவர் என்பது 2 இராஜாக்கள் 16இல் இருக்கிறது. அடையாளம் கேட்டிருந்தால் அந்த வழியைக் கைவிட வேண்டியிருந்திருக்கும். சுமார் 33 வருஷம் கழித்து, கி.மு. 701இல், சனகெரிபின் ஆளாக ரப்சாக்கே வந்து நின்று மிரட்டியதும் அதே கால்வாய் ஓரம்தான் (2 இராஜாக்கள் 18:17). தகப்பன் உதவிக்குக் கூப்பிட்ட அசீரியா, மகன் எசேக்கியாவின் மதிலுக்கு வெளியே.

மூன்றாவது கோளாறு, செய்தி ராஜா வரை போய்ச் சேராமல் நடுவிலேயே தடைபடுவது. பெத்தேலில் தீர்க்கதரிசி ஆமோசைத் தடுத்தவர் ஆசாரியன் அமத்சியா. இரண்டாம் யெரொபெயாமுக்குத் தன் பாணியில் ஒரு அறிக்கை அனுப்பிவிட்டு, இது ராஜாவின் பரிசுத்த ஸ்தலம், யூதாவுக்குப் போய்ப் பிழைத்துக்கொள் என்றார் (ஆமோஸ் 7). ஆமோசின் பதில், தான் சம்பளத் தீர்க்கதரிசி அல்ல, மந்தை மேய்ப்பவன், காட்டத்திப்பழம் பறிப்பவன் என்பது.

இதில் மிக விரிவான பதிவு எரேமியா 36. யூதாவின் ராஜா யோயாக்கீமின் நாலாம் வருஷம், கி.மு. 605. எரேமியா ஆலயத்துக்குள் போக முடியாத நிலையில் இருந்தார். அவர் சொல்லச் சொல்ல நேரியாவின் மகன் பாருக்கு சுருளில் எழுதினார். மறுவருஷம் ஒன்பதாம் மாதத்து உபவாச நாளில், ஆலயத்தின் மேற்பிராகாரத்தில் சாப்பானின் மகன் கெமரியாவின் அறையிலிருந்து பாருக்கு அதை ஜனங்களுக்கு வாசித்தார். (அதே மாதத்தில், கி.மு. 604இல், நேபுகாத்நேச்சார் அஸ்கலோனைப் பிடித்ததாகப் பாபிலோனிய நாளாகமப் பலகை சொல்கிறது. உபவாசத்துக்கு அந்தப் பீதியே காரணம் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள்.) கெமரியாவின் மகன் ஓடிப்போய் அதிகாரிகளிடம் சொல்ல, அவர்கள் பாருக்கை வரவழைத்து உட்காரச் சொல்லி இரண்டாம் முறை வாசிக்கக் கேட்டார்கள். எப்படி எழுதினாய் என்று விசாரித்தார்கள். அவர் வாயால் சொன்னார், நான் மையால் எழுதினேன் என்றார் பாருக்கு. நீயும் எரேமியாவும் ஒளிந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுச் சுருளை எலிசாமாவின் அறையில் வைத்துவிட்டு ராஜாவிடம் போனார்கள். அந்த ஒரு வரியில் அரமனையின் இரண்டு மனமும் தெரிகிறது: செய்தியை மறைக்கவும் மாட்டார்கள், கொண்டுவந்தவர்கள் சாகவும் விடமாட்டார்கள்.

மூன்றாம் வாசிப்பு குளிர்கால அரமனையில், கணப்புக்கு முன். யெகுதி என்ற அரமனை ஆள் மூன்று நாலு பத்தி வாசித்ததும் ராஜா சூரிக்கத்தியால் அறுத்து நெருப்பில் போட, சுருள் தீரும்வரை இப்படியே நடந்தது. வேண்டாம் என்று கெஞ்சிய மூவரில் ஒருவர் கெமரியா. இவருடைய தகப்பன் சாப்பான்தான் கி.மு. 622 வாக்கில் ஆலயத்தில் அகப்பட்ட நியாயப்பிரமாணப் புஸ்தகத்தை அப்போதைய ராஜா யோசியாவுக்கு வாசித்துக் காட்டியவர். யோசியா அதைக் கேட்டதும் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டார். மகன் யோயாக்கீம் வஸ்திரத்தைக் கிழிக்கவில்லை என்று எரேமியா 36:24 மெனக்கெட்டுச் சொல்வது அதை நினைத்துத்தான். எரித்ததால் பயனும் இல்லை. பாருக்கு வேறொரு சுருளில் எல்லாவற்றையும் எழுதினார், இன்னும் அநேக வார்த்தைகள் கூடச் சேர்ந்தன.

யோசியா விசாரித்த விதமும் தெரிந்துகொள்ள வேண்டியது. ஆசாரியன் இல்க்கியா உட்பட ஐந்து பேரை அவர் அனுப்பினார். எரேமியா அப்போது ஊழியத்தில் இருந்தும், அவர்கள் போனது எருசலேமின் இரண்டாம் பகுதியில் குடியிருந்த தீர்க்கதரிசினி உல்தாளிடம். வஸ்திரசாலை விசாரிப்புக்காரர் சல்லூமின் மனைவி. அந்த அம்மாள் முதலில் ‘ராஜா’ என்றே சொல்லவில்லை. உங்களை என்னிடம் அனுப்பின மனுஷனுக்குச் சொல்லுங்கள் என்று தொடங்கி, தண்டனையைச் சொல்லி முடித்த பிறகே யூதாவின் ராஜா என்று மரியாதை வருகிறது (2 இராஜாக்கள் 22). அந்த யோசியாவே கி.மு. 609இல் மெகிதோவில் எகிப்து ராஜா நேகோவை எதிர்த்து மடிந்தார். நேகோ வாயிலிருந்து வந்த தேவனுடைய வார்த்தைக்குச் செவிகொடுக்காமல் போனார் என்கிறது 2 நாளாகமம் 35:22. தூதனாக ஒரு பார்வோனே வரமுடியும் என்பதை நல்ல ராஜாவும் எதிர்பார்க்கவில்லை.

கடைசிக் கோளாறு எல்லாவற்றிலும் பரிதாபமானது. செய்தி வந்தது, சரியான ஆளிடமிருந்து வந்தது, ராஜா நம்பவும் செய்தார், ஆனாலும் செய்ய முடியவில்லை. முற்றுகைக் காலத்தில் சிதேக்கியா ராஜா எரேமியாவை இரகசியமாக வரவழைத்து, கர்த்தரால் ஏதாவது வார்த்தை உண்டோ என்றார். உண்டு, பாபிலோன் ராஜாவின் கையில் ஒப்புக்கொடுக்கப்படுவீர் என்றார் எரேமியா. கூடவே, பாபிலோன் ராஜா வரமாட்டார் என்று சொன்ன உம்முடைய தீர்க்கதரிசிகள் எங்கே என்றும் கேட்டார். பிறகு அதிகாரிகள் அவரைச் சேறு நிறைந்த துரவில் இறக்கியபோது ராஜா தடுக்கவில்லை, உங்களுக்கு விரோதமாக என்னால் ஒன்றும் செய்யக்கூடாது என்று கையை விரித்தார். எத்தியோப்பியனான எபெத்மெலேக்கு கேட்டதும் 30 பேரைக் கொடுத்துத் தூக்கிவிடவும் சொன்னார். கிழிந்த துணிகளை அக்குளில் வைத்துக் கயிற்றைப் போட்டுத் தூக்கினார்கள். அடுத்த சந்திப்பு ஆலயத்தின் மூன்றாம் வாசலில். சரணடைந்தால் நீர் பிழைப்பீர், நகரம் எரியாது என்ற நிபந்தனை மிகத் தெளிவு. பாபிலோனியரிடம் ஏற்கெனவே ஓடிப்போன யூதர்கள் என்னைப் பரியாசம் பண்ணுவார்களே என்பதுதான் ராஜாவின் மறுமொழி. நாம் பேசியது அதிகாரிகளுக்குத் தெரியவேண்டாம், கேட்டால் வேறு காரணம் சொல் என்று தீர்க்கதரிசிக்கே பொய்ச்சாக்கும் கற்றுக்கொடுத்தார். கி.மு. 586இல் நகரம் எரிந்தது. ரிப்லாவில் பிள்ளைகளை அவர் கண்முன் கொன்று, பிறகு கண்களைக் குருடாக்கினார்கள்.

இதெல்லாம் வெறும் பிற்காலக் கதையா என்று கேட்பவர்களுக்கு ஒன்றிரண்டு பொருள்கள். 1982இல் எருசலேமின் தாவீது நகரப் பகுதியில் யிகால் ஷிலோ தோண்டியபோது ஐம்பதுக்கு மேல் களிமண் முத்திரைகள் கிடைத்தன. நகரத்தை எரித்த தீயில் சுட்டு இறுகியதால் அவை தப்பின. அவற்றில் ஒன்றில் “சாப்பானின் மகன் கெமரியா” என்று இருக்கிறது. எரேமியாவைத் துரவில் போடச் சொன்ன நால்வரில் செலேமியாவின் மகன் யூகால், பஸ்கூரின் மகன் கெதலியா ஆகிய இருவரின் முத்திரைகள் 2005லும் 2008லும் அதே பகுதியில் கிடைத்தன. இவை அந்தப் பெயருள்ள அதிகாரிகள் இருந்ததைக் காட்டும், உரையாடல்களை நிரூபிக்கமாட்டா. பாருக்கின் பெயரில் சந்தையில் வந்த முத்திரையைச் சான்றாகக் காட்டுபவர்களைக் கண்டால் கொஞ்சம் எச்சரிக்கை: அது அகழ்வில் கிடைத்ததல்ல, போலி என்ற சந்தேகம் வலுவாக இருக்கிறது.

நேரடியாக வாசித்துப் பார்க்க விரும்பினால் 1 இராஜாக்கள் 22இல் தொடங்குங்கள், பிறகு எரேமியா 26, 28, 36, 37, 38. நாத்தானும் ஏசாயாவும் அதற்குப் பின் எளிதாகப் புரிவார்கள். 26ஐ விட்டுவிட வேண்டாம். எரேமியாவைக் கொல்லலாமா என்ற வழக்கில், சுமார் நூறு வருஷத்துக்கு முன் எசேக்கியாவின் நாளில் மீகா இதையேதான் சொன்னார், அவரை ராஜா கொன்றாரா என்று மூப்பர்கள் முன்னுதாரணம் காட்டி வாதாடுவது அங்கேதான். அதே செய்தியைச் சொன்ன உரியாவை எகிப்துவரை துரத்திப் பிடித்துவந்து யோயாக்கீம் வெட்டிய செய்தியும் அதே அதிகாரத்தில், அடுத்த சில வசனங்களில் இருக்கிறது.